வள்ளத்திலை ஏறின சேர்வேயர்

ஒருத்தன்ரை வள்ளத்திலை கூலி குடுத்து ஏறுறதெண்டால் அதுக்கொரு முறை இருக்கு. ஏற முந்தி செருப்பைக் கழட்டவேணும். வள்ளம் தள்ளேக்கை "எங்கை போறம்?" எண்டு கேக்கப்படாது. கடலிலை நிண்டு விசிலடிக்கப்படாது. பிடிச்ச மீனைக் கரைக்கு வரமுந்தி எண்ணப்படாது. வள்ளக்காரன் "காணும், திரும்புவம்" எண்டால் திரும்பவேணும். இன்னும் ஒருக்கா, இன்னும் ஒருக்கா எண்டு இழுபறிப்படக் கூடாது. முதல் மீன் அந்தோனியாருக்கு. இவ்வளவையும் நான் அந்த மனுசனுக்குச் சொன்னன். மாதா சத்தியமாச் சொன்னன். அவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டுப்போட்டு என்ரை தலையிலை மண்ணை அள்ளிக் கொட்டினார்.

அந்தாளுக்குப் பேர் தில்லைநாதர். ஊர் சண்டிலிப்பாய். கவுண்மேந்திலை சேர்வேயரா இருந்து, நாடு முழுக்கக் காணி அளந்து, பென்சன் எடுத்துக்கொண்டு வந்தவர். வாடை முடிஞ்சு கடல் படிஞ்ச மாசி மாதம், எங்கடை பங்குச் சுவாமியார் எழுதிக் குடுத்த துண்டோடை மயிலிட்டிக்கு வந்து இறங்கினார். அரைக் காற்சட்டை, வெள்ளைத் தொப்பி, லண்டனிலை இருக்கிற மகன் அனுப்பின தூண்டில் தடி. அந்தத் தடியிலை ஒரு சில்லு வேறை. கரையிலை நிண்டவங்கள் எல்லாரும் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சாங்கள்.

"சிமியோன், உனக்கொரு துரை வந்திருக்கிறார், ஓடி வா!" எண்டு கத்தினாங்கள்.

ஏன் என்னட்டை வந்தவர் எண்டால், எங்கடை கரையிலை தனிய வள்ளம் எடுத்துக் கைத்தூண்டில் போடுற ஆள் நான் ஒருத்தன்தான். ஆசைக்கில்லை. ஆறு வருசத்துக்கு முந்தி ஒரு பெரிய வோட்டிலை வலை இழுக்கேக்கை, கயிறு சுத்துற வின்ச்சு மெசினுக்குள்ளை என்ரை வலக்கை அகப்பட்டுது. மூண்டு விரல் மடங்காது. வலை இழுக்க ஏலாதவனை ஆர் தன்ரை வோட்டிலை ஏத்துவான்? இடக்கையாலை தங்கூசி நூலை விட்டு இழுக்கத்தான் எனக்கு ஏலும். அதுக்கெண்டு எனக்கு எங்கடை பார் இருந்தது.

பார் எண்டால் கடலுக்கு அடியிலை இருக்கிற கல்மேடு. அதிலைதான் மீன் குடியிருக்கும். எங்கடை பார் சின்னன், ரண்டு பரப்புக் காணி அளவுதான் வரும். பன்ரண்டு பாகத் தாழ்வு, எழுபது அடிக்கு மேலை வரும். மேலாலை பாத்தால் வெறுந் தண்ணி, ஒரு அடையாளமும் இல்லை. ஆனால் கலவாயும் விளைமீனும் வருசம் முழுக்க அதைவிட்டு அசையாது. என்னைப் பெத்த எங்கடை அப்பு கண்டுபிடிச்ச இடம். அந்த மனுசன் சாகக் கிடக்கேக்கை என்னை மட்டும் கூப்பிட்டு, "ஒருத்தருக்கும் வாய் திறக்காதை" எண்டு சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கண்ணை மூடினது.

எத்தினை பேர் எனக்குப் பின்னாலை வந்து பாத்தாங்கள்! தூரத்திலை ஒரு வள்ளம் கண்ணிலை பட்டாலும் காணும், நான் வேறை பக்கம் திருப்பிப்போடுவன். நாள் முழுக்க வெறுங்கடலிலை தூண்டிலைத் தொங்கப்போட்டுக்கொண்டு குந்தியிருப்பனே தவிர, பாருக்குக் கிட்டப் போகமாட்டன். என்ரை கூடப்பிறந்த தங்கச்சி பெர்னடெட்டின்ரை புருசன் சூசைதாசன் மூண்டு தரம் என்னட்டைக் கேட்டவன். மூண்டு தரமும் மாட்டன் எண்டு முகத்துக்கு நேரை சொன்னன். அந்தச் சின்னக் கல்லிலை ரண்டு குடும்பம் தின்ன ஏலாது. அது போனால் எனக்கு வேறை தொழிலும் இல்லை, என்ரை மனுசி பிள்ளையளுக்கு வேறை சோறும் இல்லை. இரக்கம் பாத்தால் பட்டினிதான்.

அப்பிடிப்பட்ட நான் அந்தச் சேர்வேயரை அங்கை கொண்டுபோனன். கேக்கிறியளே கதையை?

முதல் சனிக்கிழமை கொண்டுபோகேல்லை. நான் என்ன விசரனே? கரைக்குக் கிட்டவா ஒரு இடத்திலை நிப்பாட்டி வைச்சன். விரல் நீளத்திலை நாலு மீன் பட்டுது. அதுக்கே அந்தாள் பச்சைப் பிள்ளை மாதிரிச் சந்தோசப்பட்டார். திரும்பி வந்து, "சிமியோன், உம்மடை வீடு எங்கை? ஒரு தேத்தண்ணி தருவீரோ?" எண்டு கேட்டார். எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. சண்டிலிப்பாயிலை ஆள் அனுப்பிக் கூப்பிட்டாலும் நாங்கள் வேலிப் படலைக்கு வெளியாலை நிண்டு கதைச்சுப்போட்டு வாற ஆக்கள். இவர் என்னெண்டால் எங்கடை வீட்டுக்குள்ளை வந்து, கதிரையைத் தள்ளி வைச்சுப்போட்டுப் பாயிலை இருந்து, என்ரை மனுசி மக்டலீன் ஊத்திக் குடுத்த தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிக்கிறார். கணவாய்க் கறியோடை ரண்டு தரம் சோறு வாங்கித் திண்டார். என்னை "நீர், உம்மடை" எண்டு மரியாதையாக் கதைச்சார். நாற்பத்தஞ்சு வயசு வரைக்கும் படிச்ச மனுசர் ஒருத்தரும் என்னோடை அப்பிடிக் கதைச்சதில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒரு கடகம் நிறையக் கத்தரிக்காயும் பீற்றூட்டும், நல்ல புகையிலையும் கொண்டு வந்தார். அந்த மனுசனை வெறுங்கடலிலை வைச்சு ஏமாத்த எனக்கு மனம் வரேல்லை. மனம் வரேல்லை எண்டு சொல்லுறன், ஆனால் உள்ளதைச் சொன்னால், என்ரை பெருமையைக் காட்டவேணும் எண்டு எனக்கு ஒரு ஆசை. நேரை பாருக்கு விட்டன்.

அண்டைக்குப் பன்ரண்டு இறாத்தல் கலவாய் ஒண்டு அவருக்குப் பட்டுது. சில்லு கிறீச்சிட்டுக் கத்துது, தடி வளைஞ்சு தண்ணியைத் தொடுது, அந்தாள் "ஐயோ சிமியோன், ஐயோ சிமியோன்" எண்டு குழறுறார். நான்தான் பின்னாலை இடுப்பிலை பிடிச்சுக்கொண்டு நிண்டன். மீனை ஏத்தினாப் பிறகு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தார். பேந்து பையைத் திறந்து திசை பாக்கிற பித்தளைக் கொம்பாஸ் ஒண்டை எடுத்துக் கண்ணிலை வைச்சுக் கரையைப் பாத்தார். கொப்பியிலை ஏதோ எழுதினார்.

"உது என்ன ஐயா?"

"பழக்கதோசம் சிமியோன். முப்பத்தஞ்சு வருசம் பாத்த வேலை. எங்கை நிண்டாலும் அந்த இடத்தை எழுதி வைச்சால்தான் எனக்கு மனம் ஆறும்."

சிலபேர் சாப்பிட்டதை எழுதி வைக்கினம், சிலபேர் கனவை எழுதி வைக்கினம். அந்த மாதிரி ஒண்டாக்கும் எண்டு நினைச்சு விட்டிட்டன். அதோடை நிண்டிருந்தாலும் பரவாயில்லை. அவர் என்னைப் பாத்துக் கேட்டார்: "ஏன் சிமியோன், உம்மட்டைக் கொம்பாசும் இல்லை, படமும் இல்லை. இந்தப் பெரிய கடலிலை இந்தச் சின்ன இடத்துக்கு எப்பிடி நேரை வந்து நிக்கிறீர்?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "பழக்கம்" எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். நான் எழும்பி நிண்டு கையை நீட்டிக் காட்டினன். "அங்கை பாருங்கோ ஐயா, காங்கேசன்துறை வெளிச்சவீடு. அதுக்குப் பின்னாலை சீமெந்து ஆலைப் புகைக்குழாய் மறைஞ்சு நிக்கவேணும். இஞ்சாலை பாருங்கோ, எங்கடை கோயில் சிலுவை. அது அந்த ரண்டு பனைக்கும் நடுவிலை வரவேணும். ரண்டும் ஒண்டா வாற இடம்தான் நாங்கள் நிக்கிற இடம்." சொல்லிப்போட்டு ஒரு சிரிப்பும் சிரிச்சன்.

"அற்புதம்!" எண்டார். "நாங்கள் கொம்பாசாலை செய்யிறதை நீர் கண்ணாலை செய்யிறீர்." எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார்.

நான் செருப்பைப் பற்றிச் சொன்னன். விசிலைப் பற்றிச் சொன்னன். காட்டின இடத்தைக் கரையிலை கதைக்கப்படாது எண்டு மட்டும் சொல்லேல்லை. ஏன் சொல்லுவான்? ஒருத்தன்ரை வீட்டிலை சோறு திண்டிட்டு அவன் அரிசி வைச்சிருக்கிற இடத்தைச் சந்தியிலை நிண்டு சொல்லுவியளே? அது சொல்லித்தான் தெரியவேணுமே? எங்கடை கரையிலை பிறந்த நாலு வயசுப் பிள்ளைக்குத் தெரியும். கடலைப் பற்றித் தெரியாதவனுக்குத்தான் எல்லாத்தையும் சொல்லவேணும் எண்டு எனக்கு அண்டைக்கு விளங்கேல்லை.

அப்பிடி அஞ்சு சனிக்கிழமை வந்தார். பேந்து ரண்டு கிழமை காணேல்லை. வருத்தமாக்கும் எண்டு நினைச்சு நான் அவருக்காகச் செபம் வேறை சொன்னன். கண்டறியாத செபம்!

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தொழிலுக்குப் போறதில்லை. எல்லாரும் பூசை முடிஞ்சு கோயில் வளவுக்குள்ளை நிண்டு கதைச்சுக்கொண்டு நிக்கிறம். வாசலிலை ஒரு கார் வந்து நிக்குது. தில்லைநாதர் வெள்ளை வேட்டி, சால்வையோடை இறங்கி வாறார். கைநிறையப் புத்தகம். முகமெல்லாம் பல்லு.

"சிமியோன், உமக்கொரு பரிசு கொண்டு வந்திருக்கிறன்" எண்டார்.

அவையின்ரை ஊர் வாசிகசாலைக்கு ஐம்பது வருசமாம். பொன்விழா மலர், 1983 எண்டு அட்டையிலை போட்டிருக்கு. அதுக்குள்ளை அவர் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். சும்மா தந்திட்டுப் போயிருக்கலாமே? இல்லை. சுவாமியார் "எல்லாரும் கேக்க வாசியுங்கோ" எண்டார், அந்தாள் படியிலை ஏறி நிண்டு வாசிக்கத் தொடங்கிட்டார்.

"மயிலிட்டியைச் சேர்ந்த சிமியோன் என்னும் கடலோடி, எந்தக் கருவியின் துணையுமின்றி, இரண்டு நேர்கோடுகளின் சந்திப்பாலேயே தன் இடத்தைக் காண்கிறார். வெளிச்சவீட்டின் பின் ஆலைப் புகைக்குழாய் மறைய, தேவாலயச் சிலுவை இரு பனைகளிடையே அமைய…"

அந்தாள் நிப்பாட்டாமல் வாசிக்குது. "இதுவரை எந்த வரைபடத்திலும் இடம்பெறாத இப்பாருக்கு, அம்மனிதரின் பெயராலேயே 'சிமியோன் பார்' எனப் பெயரிடுகிறேன்." பக்கத்தைத் திருப்பிப் படத்தைத் தூக்கிக் காட்டினார். கரை, கோயில், வெளிச்சவீடு, ரண்டு கோடு, கோடு வெட்டுற இடத்திலை ஒரு புள்ளி. சின்னப் பிள்ளையும் பாத்துக்கொண்டு போய் நிக்கலாம். அவ்வளவு வடிவாக் கீறியிருந்தார், நாசமாப்போன படத்தை.

கை தட்டினாங்கள்! என்ரை சனமெல்லாம் சிரிச்சுச் சிரிச்சுக் கை தட்டுது. சுவாமியார் என்ரை முதுகிலை தட்டுறார். சேர்வேயர் பத்துப் புத்தகத்தையும் ஆக்களுக்குப் பங்கு போட்டுக் குடுத்தார். ஒருநாளும் புத்தகம் தொடாதவங்கள் எல்லாம் அடிபட்டு வாங்கினாங்கள். சூசைதாசனும் ஒண்டு வாங்கினான். என்னைப் பாக்கேல்லை. அந்தப் படம் இருந்த பக்கத்தை மட்டும் கிழிச்சு, நாலா மடிச்சு, சேட்டுப் பொக்கற்றுக்குள்ளை வைச்சுக்கொண்டு போனான்.

"என்ன சிமியோன், ஒண்டும் சொல்லுறீரில்லை?" எண்டு சேர்வேயர் கேட்டார். "சந்தோசத்திலை வாயடைச்சுப் போச்சுப் போலை."

அவரைக் கோயில் வளவெண்டும் பாராமல் கழுத்தைப் பிடிச்சுத் திருகியிருப்பன். மக்டலீன் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள். "இஞ்சாருங்கோ, சுவாமியாருக்கு முன்னாலை வேண்டாம்" எண்டு மெல்லமாச் சொன்னாள்.

திங்கட்கிழமை விடிய நான் பாருக்குப் போக, இருபத்திமூண்டு வள்ளம் அங்கை நிக்குது. எனக்கு நங்கூரம் விட இடமில்லை. "வா வா சிமியோன், உன்ரை பார்தானே!" எண்டு கூப்பிடுறாங்கள். அண்டைக்குத் தூண்டில்தான் போட்டாங்கள். ஆளுக்கு அஞ்சாறு கலவாய் பட்டுது. இருபத்திமூண்டு வள்ளத்துக்கும் அஞ்சாறு எண்டால் அந்தச் சின்னக் கல்லிலை என்ன மிஞ்சும்?

செவ்வாய்க்கிழமை ரண்டு பேர் வலை ஏத்திக்கொண்டு வந்தாங்கள். அப்புவின்ரை காலத்திலையிருந்து அந்தப் பாரிலை வலை விழுந்ததில்லை. அடியிலை கல்லெல்லாம் கொம்பு கொம்பா நிக்குது. வலை விழுந்தால் மாட்டும். மாட்டின வலை வராது. அங்கையே கிடந்து, பட்ட மீன் செத்து அழுகி, அதைத் தின்ன வாற மீனும் பட்டுச் செத்து, கடைசியிலை பார் சுடுகாடாப் போகும். இதெல்லாம் படத்திலை இல்லை. படத்திலை புள்ளிதான் இருக்கு.

"வலை போடாதேங்கோடா! மாட்டுமடா! உங்கடை வலையும் போகும், பாரும் போகும்!" எண்டு தொண்டை கிழியக் கத்தினன்.

"உன்ரை பேர்தான் போட்டிருக்கு. கடலுக்கும் காணி உறுதி முடிச்சு வைச்சிருக்கிறியோ?" எண்டு ஒருத்தன் கேட்டான். மற்றவங்கள் சிரிச்சாங்கள். இத்தனை வருசம் நான் அவங்களை ஏய்ச்சதுக்கு என்ரை சொல்லை நம்ப அவங்களுக்கு என்ன விசரே? மீனைத் தனக்கு வைச்சுக்கொள்ளப் பொய் சொல்லுறான் எண்டுதான் நினைச்சாங்கள். நானாயிருந்தாலும் அப்பிடித்தான் நினைச்சிருப்பன். வலையை இறக்கினாங்கள்; கிழிஞ்ச வலையெண்டாலும் மீனோடை ஏத்தினாங்கள்.

புதன்கிழமை வள்ளம் எடுக்கேல்லை. பஸ் ஏறிச் சண்டிலிப்பாய்க்குப் போனன். சேர்வேயர் வீடெண்டு கேக்க ஒரு சின்னப் பெட்டை கூட்டிக்கொண்டு போய்விட்டுது. மனுசன் மிளகாய்க் கண்டுக்குத் தண்ணி கட்டிக்கொண்டு நிண்டவர், என்னைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டிட்டு ஓடி வாறார்.

"அட, சிமியோன்! வாரும், உள்ளுக்கு வாரும்!"

"வரேல்லை" எண்டன். படலைக்கு வெளியாலை நிண்டன். "ஐயா, என்ரை வயித்திலை ஏன் அடிச்சனீங்கள்?"

அந்தாளுக்கு விளங்கேல்லை. உண்மையிலேயே விளங்கேல்லை, அதுதான் எனக்கு இன்னும் கொதியைக் கிளப்பினது. களவெடுத்தவன் எண்டால் அடிக்கலாம். இந்த மனுசன் முழுசிக்கொண்டு நிக்குது. நான் றோட்டிலை நிண்டு எல்லாத்தையும் கத்திச் சொன்னன். இருபத்திமூண்டு வள்ளத்தைச் சொன்னன், வலையைச் சொன்னன், என்ரை கையை நீட்டிக் காட்டினன். பக்கத்து வீட்டுச் சனமெல்லாம் வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்துது.

"நீர் எனக்குச் சொல்லேல்லையே, சிமியோன்."

"சொல்லவேணுமோ ஐயா? உங்கடை காணி உறுதியை நான் சந்தையிலை வைச்சு வாசிச்சால் உங்களுக்கு எப்பிடி இருக்கும்?"

"உம்மடை பேர் நிக்கவேணும் எண்டு நினைச்சன். உம்மடை கெட்டித்தனம் நாலு பேருக்குத் தெரியவேணும் எண்டு…"

"என்ரை பேரை ஆர் கேட்டது? பேரைத் திண்டே பிள்ளையள் பசியாறுறது?"

சேர்வேயர் பெரிய யோசனை கண்டவர் மாதிரி, "அடுத்த மலரிலை பிழைதிருத்தம் போடுவிப்பம். அந்த இடம் சரியில்லை எண்டு எழுதுறன்" எண்டார்.

"அடுத்த மலர் எப்ப வரும்?"

"வைரவிழாவுக்கு."

"அது எப்ப?"

குனிஞ்சுகொண்டு மெல்லமாச் சொன்னார், "இன்னும் பத்து வருசம் இருக்கு."

சிரிக்கிறதோ, மண்வெட்டியை எடுக்கிறதோ எண்டு தெரியேல்லை. "இனி என்ரை வள்ளத்திலை கால் வைக்கப்படாது. மயிலிட்டிக் கரையிலையே உங்களைக் காணப்படாது" எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தன். அந்தாள் பின்னாலை "சிமியோன், சிமியோன்" எண்டு கூப்பிட்டுக்கொண்டு பஸ் வாற சந்தி மட்டும் வந்தது. கண்ணெல்லாம் கலங்கியிருந்துது. கலங்கட்டும். பஸ் முழுக்க நான் அவரைத் திட்டிக்கொண்டுதான் வந்தன். பக்கத்திலை இருந்த மனுசி எழும்பி வேறை இடத்திலை போய் இருந்திட்டுது.

வெள்ளிக்கிழமை காலமை பெர்னடெட் என்ரை வீட்டுக்கு வந்தாள். தலை வாரி இழுக்கேல்லை, கண் சிவந்திருக்கு. நான் முற்றத்திலை இருந்து தூண்டில் கட்டிக்கொண்டு இருந்தன். வாசலிலை நிண்டுகொண்டே கேட்டாள்.

"அண்ணை, அந்தப் பாரிலை வலை போடப்படாது எண்டு உனக்குத் தெரியும்தானே?"

"ஏன், என்ன நடந்தது?"

"நேற்றுப் பின்னேரம் என்ரை மனுசன் வலை போட்டுது. இண்டைக்கு விடிய இழுக்க வரேல்லை. எங்கடை வலை முழுக்க அடியிலை கிடக்குது."

பத்து வருசம் மற்றவன்ரை வோட்டிலை வேலை செய்து, இந்த வருசம்தான் சூசைதாசன் தனக்கெண்டு ஒரு வள்ளமும் வலையும் எடுத்தவன். அந்த வலைக்கு ஈயமும் மிதப்பும் கட்டிறதுக்கு ரண்டு பேரும் மூண்டு மாதம் குந்தியிருந்தவை. அவளின்ரை விரலிலை கயிறு வெட்டின தழும்பு அப்பிடியே இருக்கு. எனக்கு அந்தரமாத்தான் இருந்தது. ஆனால் கோவம் முந்திக்கொண்டு வந்திட்டுது.

"நான் செவ்வாய்க்கிழமை கிடந்து கத்தினனான்! போடாதேங்கோ எண்டு எல்லாருக்கும் சொன்னனான்! உன்ரை மனுசனுக்குக் காது இல்லையே? அந்த விசர்ச் சேர்வேயரைப் போய்க் கேள், என்னை ஏன் கேக்கிறாய்?"

"செவ்வாய்க்கிழமையைக் கேக்கேல்லை. என்ரை மூத்தது பிறந்தண்டைக்கு என்ரை மனுசன் இந்த வாசலிலை வந்து நிண்டு கேட்டுது. அண்டைக்கு நீ சொல்லியிருந்தால், அங்கை வலை போடப்படாது எண்டும் சொல்லியிருப்பாய்."

"அப்புவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தனான். உனக்குத் தெரியாதே?"

"சேர்வேயரைக் கொண்டுபோகேக்கை அந்தச் சத்தியம் எங்கை போனது?"

"போடி வெளியாலை!" எண்டு கத்தினன். கையிலை இருந்த ஈயக்கட்டியைத் தூக்கி எறிஞ்சன். அது வேலியிலை போய் விழுந்துது. அவள் அசையேல்லை. உள்ளையிருந்து மக்டலீன் வந்து பெர்னடெட்டுக்குப் பக்கத்திலை நிண்டாள்.

"அந்தாள் இந்த வீட்டிலை ஒரு கோப்பை தேத்தண்ணி குடிச்சுது, உனக்குத் தலைகால் தெரியேல்லை" எண்டாள் பெர்னடெட். "என்ரை புருசன் இந்த வீட்டிலை எத்தினை கோப்பை குடிச்சிருக்கும்? உன்ரை கை போய்க் கிடக்கேக்கை ஆறு மாதம் உனக்கு மீன் கொண்டுவந்து தந்தது ஆர் அண்ணை? சேர்வேயரோ?"

எனக்கு இருந்த கோவம் முழுக்க அப்பிடியே இருந்துது, எறிய ஒரு இடம்தான் இல்லாமல் போச்சு. சேர்வேயர் பேயன். வலை போட்டவங்கள் பேராசைக்காரர். நான் ஆர்? சொந்தத் தங்கச்சிக்கு இல்லையெண்டதை, மரியாதையாக் கதைச்ச ஒருத்தனுக்குத் தட்டிலை வைச்சுக் குடுத்தவன்.

அண்டைக்குப் பின்னேரம் நான் சூசைதாசன்ரை வள்ளத்திலை போய் ஏறினன். கேட்டு ஏறேல்லை. அவனும் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. நேரை பாருக்குப் போனம். மற்ற வள்ளங்கள் ஒண்டும் அங்கை இல்லை. நாலு நாளிலை வழிச்சுத் துடைச்சாச்சு, இனி ஏன் நிக்கிறாங்கள்? தண்ணியிலை சூசைதாசன்ரை மிதப்புகள் மட்டும் கொத்தாக் கிடந்து ஆடிக்கொண்டு இருந்தது.

கயித்தைப் பிடிச்சு ரண்டு பேரும் இழுத்தம். நான் இடக்கையாலை பிடிச்சு, மற்றக் கையிலை சுத்திக்கொண்டு இழுத்தன். கொஞ்சம் வந்துது. வந்த வலைக்குள்ளை வயிறு ஊதின கலவாய் நாலைஞ்சு, என்ரை உள்ளங்கை அளவு குஞ்சு விளைமீன் கனக்க. பேந்து கல்லிலை பிடிச்சுக்கொண்டு நிண்டிட்டுது. எந்தப் பக்கம் வள்ளத்தைத் திருப்பி இழுத்தாலும் வரேல்லை. என்ரை கையிலை தோல் உரிஞ்சு ரத்தம் வந்துது. அவன் பாத்தும் பாக்காத மாதிரி இருந்தான்.

எனக்கு இருக்க ஏலேல்லை. எழும்பி நிண்டு கையை நீட்டினன்.

"சூசை, அங்காலை திரும்படா. அந்த வெளிச்சவீடு தெரியுதெல்லே? அதுக்குப் பின்னாலை புகைக்குழாய்…"

"வேண்டாம் மச்சான்" எண்டான். "உதெல்லாம் படத்திலை பாத்திட்டன்."

"படத்திலை இல்லாததும் இருக்கடா. எந்தக் காத்துக்கு எந்தப் பக்கம் நங்கூரம் விடுறது, எந்த மாதம் எந்த மீன் ஏறும், கல்லின்ரை எந்த மூலை ஆழம் எண்டு எனக்குத்தான் தெரியும். எல்லாம் சொல்லுறன். உனக்கு எல்லாத்தையும் சொல்லுறன்."

அவன் அப்பதான் என்னை நிமிந்து பாத்தான். திட்டுவான் எண்டு நினைச்சன். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும், நானும் நாலு குடுத்து வாங்கியிருப்பன்.

"இனி என்னத்துக்கு மச்சான்?" எண்டான்.

கத்தியை எடுத்தான். தண்ணிக்குள்ளை கையை விட்டு, எட்டின மட்டும் கீழை பிடிச்சு, தன்ரை வலையைத் தானே அறுக்கத் தொடங்கினான்.